ஏஜென்ட் படிக்கும் குறிப்பு

கேள்வி: சிறிய அனிமேஷன் ஸ்டுடியோவில் டெக்னிகல் டைரக்டராக இருக்கிறேன். பிளெண்டரில் நூற்றுக்கணக்கான கீஃப்ரேம்களை மொத்தமாக நகர்த்த, திருப்ப, பெயர் மாற்ற எனப் பைத்தானில் டூல்கள் எழுதி வைத்திருக்கிறோம். சமீபத்தில் அவற்றை, டூல்களை ஏ.ஐ.யுடன் இணைக்கும் எம்.சி.பி. நெறிமுறை வழியாக ஒரு ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் கொடுத்தோம். அனிமேட்டர்கள் சிரமமில்லாமல் பயன்படுத்தும் டூல்களில் அது தடுமாறுகிறது. ‘முடிந்தது’ என்கிறது; ஃபைலைத் திறந்தால் ஒன்றும் அசைந்திருக்காது, அல்லது கேட்டதைப்போல இரண்டு மடங்கு நகர்ந்திருக்கும். டூல் விளக்கங்களை எப்படி எழுதினால் இது சரியாகும்?
— வாசகர், சென்னை

பதில்: உங்கள் அனிமேட்டர்கள் விளக்கத்தைப் படித்து வேலை செய்யவில்லை. வியூபோர்ட்டைப் பார்த்து வேலை செய்கிறார்கள். கை திரும்பவில்லை என்றால் அடுத்த நொடியே தெரிந்துவிடும். ஏஜென்ட்டுக்குக் கிடைப்பது நீங்கள் எழுதிய விளக்கமும், டூல் திருப்பித் தரும் பதிலும்தான். ஆகவே பிளெண்டர் எங்கெல்லாம் பிழை காட்டாமல் சும்மா இருந்துவிடுகிறதோ, அங்கெல்லாம் உங்கள் விளக்கம் பேச வேண்டும். எழுத உட்காரும்போது முதலில் அந்த இடங்களைப் பட்டியல் போடுங்கள்.

‘ஒன்றும் அசையவில்லை’ என்கிறீர்களே, பெரும்பாலும் அது சுழற்சி முறையாக இருக்கும். பிளெண்டரில் சாதாரண ஆப்ஜெக்ட்கள் இயல்பாக எக்ஸ்-ஒய்-இசட் யூலர் முறையில் இருக்கும். ரிக்கின் போஸ் எலும்புகள் குவாட்டர்னியன் முறையில் இருக்கும். அப்படிப்பட்ட எலும்பின் யூலர் மதிப்பை ஸ்கிரிப்ட் மாற்றினால் பிளெண்டர் தடுக்காது. மதிப்பு பதிவாகும், கீஃப்ரேமும் விழும், எலும்பு மட்டும் திரும்பாது. டூலைப் பொறுத்தவரை எல்லாம் வெற்றி. ‘எலும்பின் சுழற்சி முறையை முதலில் படிக்கும், யூலர் இல்லையென்றால் எதையும் மாற்றாமல் பிழை திருப்பும்’ என்று டூலை மாற்றி, அதையே விளக்கத்திலும் எழுதுங்கள்.

கூடவே அலகு. திரையில் டிகிரி தெரியும். பைத்தான் ரேடியனில் வாங்கும். ஏஜென்ட் 90 என்று கொடுத்தால் அது 90 ரேடியன், அதாவது 14 முழுச் சுற்றுக்கும் மேல். ‘கோணம்’ என்று மொட்டையாகப் பெயர் வைக்காமல், அளபுருவின் பெயரிலேயே டிகிரி என்பதைச் சேர்த்துவிடுங்கள். விளக்கத்தின் நடுவில் ஒளிந்திருக்கும் எச்சரிக்கையைவிட, ஒவ்வொரு அழைப்பிலும் எழுதியே ஆகவேண்டிய பெயர் பலமானது.

இரண்டு மடங்கு நகர்வதற்குக் காரணம் வேறு. உங்கள் டூல் ‘12 ஃப்ரேம் தள்ளு’ என்ற வகையில் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். ஷாட் கனமாக இருந்து பதில் வரத் தாமதமானால், ஏஜென்ட் தோல்வி என்று நினைத்து மறுபடி அழைக்கும். 12 என்பது 24 ஆகும். ‘முதல் கீஃப்ரேம் 48-ஆம் ஃப்ரேமில் விழட்டும்’ என்று இலக்கைச் சொல்லும் டூலாக இருந்தால் எத்தனை முறை அழைத்தாலும் விளைவு ஒன்றுதான். எம்.சி.பி.யில், ‘மறுபடி அழைத்தாலும் பாதகமில்லை’, ‘இருப்பதை அழிக்கக்கூடும்’ என்று டூலுக்கு அடையாளம் இட வசதி உண்டு. இட்டு வையுங்கள். ஆனால் அவை குறிப்புகள் மட்டுமே, எதையும் தடுத்து நிறுத்தாது. டூலின் வடிவத்தில் உள்ள கோளாறை விளக்கத்தால் மூட முயலாதீர்கள். இதில் நான் சற்றுப் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

இனி மொத்தத் திருத்தத்துக்கே உரிய கேள்வி. 300 கீஃப்ரேமில் 7 மட்டும் தோற்றால் என்ன ஆகும்? பல விளக்கங்களில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. என் கருத்து: நேரம் சார்ந்த திருத்தங்களில் ஒன்று தோற்றாலும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். உடம்பு நகர்ந்து கண் இமை மட்டும் பழைய ஃப்ரேமிலேயே நின்றுபோன ஷாட், தொடாத ஷாட்டைவிட மோசம். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு அனிமேட்டரின் பிற்பகல் போய்விடும். பெயர் மாற்றுவது போன்றவற்றில் பாதி வெற்றி பரவாயில்லை. உங்கள் டூல் எந்த வகை என்பதை முதல் இரண்டு வரிகளுக்குள் சொல்லிவிடுங்கள். முழுத் திருத்தமும் ஒரே அன்டூவில் திரும்பவும் வேண்டும்.

விளக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: ‘பெயர் சொல்லப்பட்ட ஆப்ஜெக்ட்களின் எல்லா கீஃப்ரேம்களையும், அவற்றில் முதலாவது இலக்கு ஃப்ரேமில் விழும்படி நகர்த்தும். ஹேண்டில்களும் உடன் நகரும். இடைவெளிகள் மாறாது. ஒன்று தோற்றாலும் எதுவும் மாறாது. சுருக்கவோ நீட்டவோ இதைப் பயன்படுத்தாதே. ஒத்திகை முறையில் அழைத்தால் மாற்றாமல் பட்டியல் மட்டும் தரும்.’ இதன் கீழே ஒரு முழு அழைப்பு, அதற்கு வரும் பதில், தோற்றால் வரும் பதில். ஹேண்டில் பற்றிய வரியைக் கண்டிப்பாகச் சேர்க்கச் சொல்வேன். புள்ளி மட்டும் நகர்ந்து ஹேண்டில் தங்கிவிட்டால் வளைவு கோணலாகி, அசைவே கெட்டுவிடும்.

பதிப்பையும் எழுதுங்கள். 2025-இல் வந்த 4.4 பதிப்பு, ஆக்‌ஷனுக்குள் ஸ்லாட் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. பல ஆப்ஜெக்ட்களின் அசைவு ஒரே ஆக்‌ஷனில் இருக்கலாம். ஏஜென்ட் கற்ற ஸ்கிரிப்ட்களில் கணிசமானவை அதற்கு முந்தையவை. நீங்கள் மறுத்து எழுதாவிட்டால், அது பழைய நினைவையே நம்பும்.

கேள்வி: கதாபாத்திரங்களுக்கும் கன்ட்ரோல்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கிறோம். ஏஜென்ட்டுக்குச் சிக்கல் வருமா?
— வாசகர், மதுரை

பதில்: ஏஜென்ட்டுக்கு வராது, பழைய பிளெண்டரில் வரும். 5.0-க்கு முன்பு ஆப்ஜெக்ட் பெயருக்கு எல்லை 63 பைட். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘பாண்டியன் வலது முழங்கை’ என்பதே 62 பைட். அதன் பின்னால் ‘மேல்’, ‘கீழ்’ என்று சேர்த்து இரண்டு பெயர் வைத்தால், இரண்டும் ஒரே இடத்தில் வெட்டுப்படும். மோதலைத் தவிர்க்க இரண்டாவதற்குப் பிளெண்டரே ‘.001’ என்று ஒட்டிவிடும். 5.0-இல் எல்லை 255 பைட்டாக உயர்ந்துவிட்டது. எந்தப் பதிப்பானாலும், பெயர் மாற்றும் டூல் கேட்ட பெயரையும் உண்மையில் கிடைத்த பெயரையும் ஜோடியாகத் திருப்பித் தரட்டும். அடுத்த அழைப்பில் கிடைத்த பெயரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதை விளக்கத்தில் எழுதிவிடுங்கள்.