ஒற்றைச் செல்லிலிருந்து ஒரு தொட்டி பீர்



பவேரியாவில் 1516-இல் பிறப்பிக்கப்பட்ட புகழ்பெற்ற ஆணை, பீரில் பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் சேரலாகாது என்று விதித்தது; சர்க்கரையை நொதிக்க வைத்து ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும் ஈஸ்டுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, ஒரு தொட்டியில் தங்கிய வண்டலை அடுத்த தொட்டியில் இட வேண்டும் என்பது பீர் தயாரித்தவர்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது. அந்த வண்டலே ஈஸ்ட், அதற்கு உயிர் உண்டு என்பதுதான் தெரியவில்லை.

டச்சுக்காரரான லேவன்ஹூக் 1680-இல் தம் நுண்ணோக்கியின் வழியே ஈஸ்ட் உருண்டைகளைக் கண்டபோதும் அவற்றை உயிரிகளாகக் கருதவில்லை. 1837-ஐ ஒட்டி ஷ்வான், கன்யார் த லா தூர், கூட்சிங் ஆகிய மூவரும் தனித்தனியே ஆராய்ந்து, அவை மொட்டுவிட்டுப் பெருகும் உயிர்கள் என்று நிறுவினர். வேதியியல் மேதைகளான லீபிக்கும் வோலரும் இதை ஏற்க மனமின்றி, சர்க்கரையைத் தின்று ஆல்ககாலைக் கழிக்கும் நுண்விலங்குகளாக ஈஸ்டைச் சித்திரித்து 1839-இல் ஒரு கேலிக் கட்டுரையையே வெளியிட்டனர். கேலியாக எழுதியதே உண்மைக்கு அவ்வளவு நெருக்கமாக அமைந்துவிட்டது என்பது வேறு கதை.

பின்வந்த பாஸ்டர், நொதித்தல் உயிருள்ள செல்களின் வேலை என்று காட்டியதோடு, பீர் கெடுவதற்கு பாக்டீரியாக்களே காரணம் என்று 1876-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். ஆனால் பாக்டீரியா இல்லாத பீரும் சில வேளை கசந்து நாறியது. கோபன்ஹேகனில் பீர் ஆலை அதிபர் யாகப்சன் 1875-இல் நிறுவிய கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சன்தான் இதற்கு விடை கண்டார்: நல்ல ஈஸ்டுடன் காட்டு ஈஸ்டுகளும் கலந்து விடுவதே கோளாறு. ஈஸ்ட் கரைசலை, ஒரு குடுவைக்கு ஒரு செல்கூடச் சேருமா என்று ஐயுறும் அளவுக்கு நீர்க்கச் செய்து பல குடுவைகளில் பகிர்ந்து வைத்த அவர், எந்தக் குடுவையின் அடியில் ஒரே ஒரு வெண்புள்ளி வளர்ந்ததோ, அதை ஒற்றைச் செல்லின் சந்ததி என்று கொண்டார்; இவ்வாறு பிற இனம் கலவாமல் வளர்த்தெடுப்பதே தூய வளர்ப்பு எனப்படும். 1883 நவம்பரில் அந்த ஈஸ்ட் ஆலைத் தொட்டிக்குச் சென்றது.

யாகப்சன் அதைத் தம் ஆலைக்குள் பூட்டி வைக்கவில்லை. 1845-இல் மியூனிக்கிலிருந்து ஈஸ்டைக் கொண்டு வந்து, குதிரை வண்டி நின்ற இடமெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றி அதைக் காப்பாற்றியவர் அவர். அவ்வளவு பாடுபட்டு ஈஸ்டைப் பெற்றவரே ஹான்சனின் தூய ஈஸ்டைப் போட்டி ஆலைகளுக்கும் வழங்கினார். குளிரில் நொதிக்கச் செய்து அடியில் படியும் ஈஸ்டால் உருவாகும் லாகர் பீர் உலகெங்கும் ஒரே தரத்தில் கிடைப்பதற்கு, ஹான்சனின் நுட்பத்தைப் போலவே இந்தத் தாராளமும் காரணமாகும்.

ரொட்டிக்கடை ஈஸ்ட், லாகர் ஈஸ்டுக்கு நெருங்கிய உறவு. அதில் ஒரு சிட்டிகையை இளஞ்சூடான சர்க்கரை நீரில் கரைத்து, அரை மணி நேரம் கழித்து ஒரு துளியைப் பள்ளி ஆய்வக நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். ஷ்வான் கண்ட மொட்டுகளை நீங்களும் காணலாம்.