வரலாற்று மீட்டலும் கியூஆர் குறியீடும்

வரலாற்றுப் பாடத்திலே கற்பிக்கும் வேளையினும் மீட்கும் வேளையே ஆசிரியரைப் பெரிதுஞ் சோதிப்பது. முதன்முறை கேட்கும்போது மாணவர்க்கு வியப்பிருக்கும், இரண்டாம்முறை அஃதிராது. ஆண்டுகளை வரிசையாக ஒப்புவித்த அந்நாளைய வகுப்புகளை இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் மறந்திரார். வரலாற்றாசிரியர் விடுமுறையிலிருந்த ஒரு தவணையில், தமிழாசிரியராகிய எமக்கு அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றை மேல்வகுப்பொன்றுக்கு மீட்டுக்கொடுக்கும் பொறுப்பு வாய்த்தது. கியூஆர் குறியீட்டைத் துணைக்கொண்டோம். முதலிற் பிழைபட்டோம்; அப்பிழையே ஈண்டுச் சொல்லத்தக்கது.

கடைகளிலும் பற்றுச்சீட்டுகளிலும் யாவருங் காணும் இக்கறுப்பு வெள்ளைச் சதுரம் 1994 ஆம் ஆண்டில் யப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாகிரோ ஹரா என்பவரும் அவர் குழுவினரும் அமைத்தது. மோட்டார் வண்டி உதிரிப்பாகங்களை விரைவாக இனங்காண்பதே அதன் முதல் நோக்கம். மூன்று மூலைகளிலுமுள்ள பெருஞ்சதுரங்களைக் கொண்டு, தாள் எப்படிக் கிடப்பினும் கருவி அதன் திசையை அறிந்துகொள்ளும். ஒரு குறிப்பை அதனுள்ளேயே பொதிந்துவிட்டால் இணையத் தொடர்பும் வேண்டியதில்லை. ஆனால் ஆங்கில எழுத்தொன்று கொள்ளும் இடத்தினும் தமிழெழுத்து மும்மடங்கு கொள்ளும்; புள்ளியோ கொம்போ சேரின் அறுமடங்கு. குறிப்பு நீண்டால் கட்டங்கள் நுணுகிக் கருவி திணறும். ஆகவே சுருங்கச் சொல்லல் இங்கே அழகு மாத்திரமன்று, தேவையுமாயிற்று.

முதல்நாள் 1607 இல் ஜேம்ஸ்ரவுண் குடியேற்றம் முதல் 1789 இல் வாஷிங்ரன் சனாதிபதியானது வரை பன்னிரண்டு வினாத்தாள்களைச் சுவரில் ஒட்டினோம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறியீடு, அதனுள் விடை. மாணவர் கைத்தொலைபேசி கொண்டுவருவதில்லையாதலால் ஆசிரியர்களிடம் மூன்றை இரவல் பெற்றுக் குழுவாகப் பகிர்ந்தளித்தோம். வகுப்பு உற்சாகமாய் ஓடிற்று. இருபது நிமிடத்தில் எல்லா விடைகளும் பயிற்சிக் கொப்பிகளில் ஏறின. மறுநாள் குறியீடின்றி வினவினோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கருவி சொன்னதைக் கை எழுதியது. நினைவுக்கு இடையில் வேலையே இருக்கவில்லை.

அடுத்த வாரம் முறையை மாற்றினோம். முதலிற் குழுவினர் தம் விடையை மையினால் எழுதவேண்டும். அதன் பின்னரே குறியீட்டைக் கருவிக்குக் காட்டலாம். உள்ளே இருப்பது விடையன்று. எழுதிய விடையை உரசிப் பார்க்கும் ஒரு செய்தி.

பொஸ்ரன் தேயிலை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 1773 டிசெம்பர் 16 ஆம் நாளிரவு குடியேற்றவாசிகள் ஏறத்தாழ 340 தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்தில் வீசியது ஏன்? தேயிலை வரி கூட்டப்பட்டமையால் என்றே எல்லாக் குழுவினரும் எழுதினர். குறியீடு சொன்னது: “அவ்வாண்டுச் சட்டத்தால் தேயிலை விலை குறைந்தது. உங்கள் விடை நிற்குமா?”

வகுப்பு திகைத்தது. பின்னர் நூலைப் புரட்டத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் முகவர் மூலம் நேரே குடியேற்றங்களில் விற்கச் சட்டம் இடமளித்தது. இங்கிலாந்திலே இறுக்கவேண்டிய தீர்வை நீங்கியதால் விலை இறங்கிற்று. ஆனால் 1767 இல் விதிக்கப்பட்ட, இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி மாத்திரம் நீங்கவில்லை. மலிந்த தேயிலையை வாங்கினால், தமக்குப் பிரதிநிதி இல்லாத பாராளுமன்றம் தம்மீது வரிவிதிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டதாகும். கம்பெனியின் தனியுரிமையால் தம் வாணிகம் கெடுமென்ற அச்சம் உள்ளூர் வணிகர்க்கு வேறு. இவ்வளவையும் மாணவரே கண்டனர். அங்கிருந்து 1765 ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்துக்குத் தாமாகவே பின்னோக்கிச் சென்றனர். ஒருவன் அது இலங்கைத் தேயிலையா என்றான். அது சீனத் தேயிலை. ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் அமைத்தது 1867 இலேயாகும். சிரித்தவர்களும் அவ்வாண்டை அறிந்திருக்கவில்லை.

1776 ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தின் கீழிருந்த குறியீடு இன்னுங் கடினமானது. அன்றுமுதல் அங்கு யாவரும் சமமாயினர் என்று எழுதியவர்க்கு அது, 1787 இல் வரைந்த அரசியலமைப்பு பிரதிநிதிகளின் தொகையை வகுக்கும்போது அடிமைகள் ஐவரை மூவராகக் கணித்ததென்று காட்டிற்று. அடிமைமுறை நாடெங்கும் சட்டப்படி ஒழிய 1865 வரை சென்றது. அன்று மணியடித்தும் சிலர் எழுந்திருக்கவில்லை.

இரு வாரங்களின் பின் மீண்டும் வினவினோம். ஆண்டுகள் சில தவறின, காரணங்கள் தவறவில்லை. எம்மட்டில் அது போதும்.

இப்பொழுது உட்குறிப்புகளை மாணவரே எழுதுகின்றனர். நூறு எழுத்துக்கு மேற்படலாகாது என்பதே விதி. லெக்சிங்ரன் போரை அதற்குள் அடக்க ஒருவன் மூன்றுநாள் அடித்தடித்து எழுதினான். ஈற்றில் அவன் கொண்டுவந்தது இது: “1775 ஏப்பிரல் 19. முதல் வேட்டு எவருடையது? இருதரப்பும் மற்றவரையே காட்டின. நீ எவரை நம்புவாய், ஏன்?” அதனைத் தமிழ்க் கட்டுரைக்குரிய புள்ளியிலும் சேர்த்துக்கொண்டோம்.