கப்பல் ஏறியவரின் ஊர் எது?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா 1920களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பேராக் மாநில ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். ‘தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடிப் பக்கம்’ என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊர்ப் பெயர் தெரியாது. பொங்கலுக்குத் தமிழ்நாடு வருகிறேன். எங்கே போய் விசாரிப்பது?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: முதலில் சுங்கை சிப்புட்டிலேயே விசாரியுங்கள். புறப்பட்டவரின் ஊர்ப் பெயர் பெரும்பாலும் அவர் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் தங்கியிருக்கும். அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போனவர்களின் வாரிசுகளுக்கும் இதே அனுபவம்தான். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, பழைய மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அழிந்தது. அதனால் அமெரிக்கக் கல்லறைகளிலும் தேவாலயப் பதிவேடுகளிலும் பூர்விகக் கிராமத்தின் பெயரைத் தேடி எடுத்துக்கொண்டுதான் அவர்கள் அயர்லாந்துக்குப் போகிறார்கள்.

உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் மலாயாவுக்கு ஆள் சேர்த்தவர்களில் முக்கியமானவர் கங்காணி. ஒப்பந்தக் கூலி முறை அங்கே 1910இல் நின்றுவிட்டது. 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை கங்காணிகள் தங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உறவு, சாதி பார்த்தே ஆள் திரட்டினார்கள். ஆகவே அதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த மற்றக் குடும்பங்களும் உங்கள் ஊரையோ பக்கத்து ஊரையோ சேர்ந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். தோட்டம் துண்டாடப்பட்டு எல்லோரும் பட்டணம் போயிருந்தாலும் எண்பது வயதுக்காரர்கள் சிலராவது இருப்பார்கள். “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேளுங்கள். இரண்டு, மூன்று பேர் சொல்லும் ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

தாத்தாவின் பழைய பாஸ்போர்ட், குடியுரிமைத் தாள், மணியார்டர் ரசீது எதையும் விடாதீர்கள். ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்று கிடைத்தால் உறையின் அஞ்சல் முத்திரையைப் பாருங்கள். எந்தத் தபாலாபீஸ் என்று தெரிந்தால் தேட வேண்டிய ஊர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடும்.

அடுத்தது குலதெய்வம். நமக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் கிடையாது. தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறிவிடுகிறது. சாமி மாறுவதில்லை. பிள்ளைகளுக்கு முடியிறக்கியபோது பாட்டி எந்தச் சாமி பெயரைச் சொன்னார், தோட்டத்துக் கோயிலுக்கு எங்கிருந்தாவது பிடிமண் வந்ததா என்று கேளுங்கள். வீரனார், பெரியாச்சி என்று மட்டும் சொன்னால் போதாது, அந்தப் பெயரில் ஊருக்கு ஊர் கோயில் உண்டு. கூடவே ஓர் ஏரி, ஆறு, பக்கத்துச் சந்தை என்று ஏதாவது ஒரு குறிப்பு வேண்டும்.

அன்றைய தஞ்சாவூர் ஜில்லா இன்று தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என்று பிரிந்து கிடக்கிறது. மன்னார்குடி இப்போது திருவாரூர் மாவட்டத்தில். நீடாமங்கலமும் கூத்தாநல்லூரும் தனித் தாலுகாக்கள். ‘மன்னார்குடிப் பக்கம்’ என்றதில் இவையும் அடங்கியிருக்கலாம்.

ஊர் தெரிந்ததும் பலரும் நேரே கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பட்டாவில் தாத்தா பெயரைத் தேடச் சொல்கிறார்கள். இல்லையென்றதும் மனம் உடைந்து திரும்புகிறார்கள். கப்பல் ஏறியவர்களில் ஏராளமானோர் நிலமே இல்லாத பண்ணையாட்கள். மிராசுதாரின் பெயர்தான் பட்டாவில் ஏறும். வயலில் இறங்கி நட்டவர் பெயர் ஏறாது. பண்ணையாளுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் தஞ்சையில் வந்ததே 1952இல்தான். பெயர் இல்லையென்பதால் அவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று ஆகிவிடாது. தெருவுக்குப் போங்கள், குலதெய்வக் கோயில் பூசாரியைப் பாருங்கள், பங்காளிகளில் மூத்தவரைக் கேளுங்கள். “மலேயாவுக்குப் போனவன் திரும்பவே இல்லை” என்ற பேச்சு எந்த வீட்டிலாவது இன்னும் இருக்கும்.

கேள்வி: எங்கள் முன்னோர் ஒருவர் காரைக்காலில் கப்பலேறி ‘பிரெஞ்சுத் தீவு’ ஒன்றுக்குப் போனதாகச் சொல்வார்கள். இது நடந்திருக்குமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: தாராளமாக. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிய துறைமுகங்களில் அதுவும் ஒன்று. சுற்றியிருந்த ஆங்கிலேயப் பகுதி ஆட்களும் அங்கே போய்க் கப்பலேறினார்கள். கரீபியன் தீவுகளான மார்த்தினிக்கில் முதல் கப்பல் 1853இலும் குவாதலூப்பில் 1854 டிசம்பரிலும் போய்ச் சேர்ந்தன. குவாதலூப்புக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 பேர் போனார்கள். இந்தியப் பெருங்கடலில் ரெயூனியன் தீவும் உண்டு.

உங்களுக்கு ஒரு வசதி: இந்தத் தீவுகளின் 19ஆம் நூற்றாண்டுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. காரைக்கால் பதிவேடுகளும் அதில் உண்டு. முன்னோரின் பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று யோசித்துத் தேடுங்கள். போனவரின் ஒற்றைப் பெயரே அங்கே குடும்பப் பெயராகிவிட்டது. முத்துசாமி, ராமசாமி, வீரப்பன் என்ற பெயர்களை இன்றும் வாரிசுகள் சுமக்கிறார்கள். அவர்களில் பலரும் உங்களைப் போலவே மறுமுனையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே முன்னோரின் பெயரோடு அவருடைய அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதித் தயாராக வைத்திருங்கள்.