இலவசமாகக் கிடைப்பதைப் பகிரலாமா?

கணினி வகுப்பில் மென்பொருள் உரிமம் பற்றிப் பேசும்போது மாணவர்கள் தவறாமல் கேட்பது இது: "காசு வாங்காமல் தருகிற மென்பொருளைப் பென்டிரைவில் நண்பனுக்குக் கொடுத்தால் என்ன சார்?" இதற்கு விடை விலையில் இல்லை, உரிமத்தில் இருக்கிறது. பயன்படுத்துவது, நகலெடுத்துப் பிறருக்கு வழங்குவது, மாற்றியமைப்பது ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றவையும் கிடைத்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

இதை விளக்க எழுத்துருக்கள் நல்ல எடுத்துக்காட்டு. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், வெர்டானா உள்ளிட்ட எழுத்துருக்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 1996 முதல் இணையத்தில் இலவசமாக வழங்கியது. 2002இல் அதை நிறுத்திக்கொண்டது. ஆனால், முன்பே பெற்ற கோப்புகளைப் பிறருக்கு வழங்க உரிமம் இடம் தந்தது. நிபந்தனைகள் இரண்டு: விண்டோஸுக்கான மூலக் கோப்பை எந்த மாற்றமும் இன்றி அப்படியே தர வேண்டும், வணிகப் பொருளின் மதிப்பைக் கூட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது.

டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளம் இங்கேதான் தடைபட்டது. அதன் முதன்மைத் தொகுப்பில் இடம்பெறும் எதையும் யாரும் மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்பது 1997இல் வகுத்த நெறி. எழுத்துருக்களைப் பிரித்துத் தன் வடிவில் கட்டித் தர டெபியனால் இயலவில்லை. எனவே, எழுத்துருக்கள் இல்லாத ஒரு சிறு நிறுவு நிரலை மட்டும் துணைத் தொகுப்பில் வைத்தது. பயனர் அதை இயக்கினால், அவரது கணினியே இணையத்திலிருந்து மூலக் கோப்பை இறக்கிப் பிரித்துக்கொள்ளும்.

2007இல் ரெட் ஹேட் நிறுவனம் லிபரேஷன் எழுத்துருக்களை வெளியிட்டது. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ ஆகியவற்றின் எழுத்து அகலமே இவற்றுக்கும் என்பதால், ஆவணத்தில் வரிகள் இடம் மாறுவதில்லை. இவற்றை உரிம நிபந்தனைக்கு உட்பட்டு யாரும் பகிரலாம்.

எல்லாத் தனியுரிமை மென்பொருளும் இப்படித் தடையாவதில்லை. வைஃபை போன்ற வன்பொருள்கள் இயங்கத் தேவையான நிலைபொருள்கள் பலவற்றுக்கு மூலநிரல் கிடைக்காது. ஆனால் மாற்றாமல் வழங்க அனுமதி உண்டு. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்தபின், 2023இல் வந்த டெபியன் 12இன் நிறுவல் வட்டிலேயே அவை தனிப் பிரிவாக இடம்பெற்றன.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஆய்வகக் கணினியில் உள்ள ஏதேனும் ஒரு மென்பொருளின் உரிமத்தைத் திறக்கச் செய்யலாம். பின்வரும் வினாக்களுக்கு உரிமத்தில் உள்ள வரியைக் காட்டி விடை எழுதட்டும்.

1. இதை யார், எதற்குப் பயன்படுத்தலாம்?
2. நகலெடுத்துப் பிறருக்கு வழங்கலாமா?
3. மாற்றி வழங்கலாமா?
4. விற்பனைப் பொருளோடு சேர்க்கலாமா?

உரிமத்தில் வரி கிடைக்காத இடத்தில் "அனுமதி இல்லை" என்றே எழுதச் சொல்ல வேண்டும். காப்புரிமையின் அடிப்படையும் அதுவே: உரிமையாளர் தராத அனுமதியை நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த முறை பென்டிரைவை நீட்டும் முன் மாணவர் இந்த இரண்டாம் வினாவை நினைத்துப் பார்த்தால் பாடம் பயன் தந்துவிட்டது.