பிரிட்ஜ் கோர்ஸ் தொடங்கும் முன் பேத்திக்கு எழுதியது

அன்புள்ள பாப்பாவுக்கு,

தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகளின் ஆங்கிலத்தை ஒரே எண்ணால் அளந்துவிட முடியாது. கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது நான்கும் நான்கு வேகத்தில் வளர்கின்றன. பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு எண்பது வாங்கிய பிள்ளை கட்டுரையைக் கைடிலிருந்து மனப்பாடம் செய்து எழுதியிருக்கும். முன்பின் பார்க்காத பத்து வரியைக் கொடுத்தால் மூன்றாவது வரியில் தடுமாறும். இன்னொரு பிள்ளை ஆங்கில நாளிதழைத் தட்டுத்தடுமாறியாவது படித்துப் பொருள் சொல்லும். எழுந்து நின்று பேசச் சொன்னால் இரண்டு சொல்லுக்கு மேல் வராது. பல கல்லூரிகளில் பிரிட்ஜ் கோர்ஸ் என்பது இந்த இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஒரே பாடத்தை நடத்துவதுதான்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட அளவுகோல் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. அதில் படிப்பதற்கு ஒரு படி, பேசுவதற்கு வேறொரு படி என்று ஒருவர் நிற்பது இயல்பாகவே கருதப்படுகிறது. ஐஇஎல்டிஎஸ் தேர்விலும் நான்கு திறனுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. கல்லூரியின் முதல் வாரத்தில் அரை மணி நேரம் நடக்கும் தேர்வுக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி, அதை வைத்து ‘அடிப்படை நிலை’ என்றோ ‘இடைநிலை’ என்றோ ஒரு சீட்டை ஒட்டிவிடுகிறது. ஒட்டியது லேசில் உரிவதில்லை. கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் இந்தச் சங்கடம் முற்றிப்போய் 2017-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. நுழையும்போது வைக்கும் ஒரு தேர்வை நம்பி மாணவரைக் கீழ்வகுப்புக்குத் தள்ளக்கூடாது, பள்ளியில் அவர் படித்த படிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டில் இந்தப் பள்ளம் ஆழமானதற்கு ஒரு ஆண்டைக் குறிப்பிட முடியும். 1978 வரை, பதினோரு ஆண்டுப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரியிலேயே ஓராண்டு பி.யு.சி. இருந்தது. தமிழில் படித்து வந்தவர்கள் அந்த ஓராண்டில் ஆங்கில விரிவுரையைக் காதில் வாங்கிப் பழகினார்கள். ஒன்றும் புரியாமல் பொங்கல் வரை உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கூடக் கோடை விடுமுறைக்குள் ஏதோ திறந்துகொள்ளும். பிளஸ் டூ வந்தபோது அந்த ஓராண்டு பள்ளிக்குப் போய்விட்டது. மேல்நிலைப் பள்ளிகள் ஊருக்கு ஊர் வந்தது பெரிய நன்மை, அதில் சந்தேகமில்லை. ஆனால் தமிழ் வழி மாணவர் ஆங்கிலத்துக்கு மாறும் நாளும் பட்ட வகுப்பின் முதல் நாளும் ஒன்றாகிவிட்டன. அந்த ஓராண்டு செய்த வேலையைத்தான் இப்போது இரண்டு வாரப் பிரிட்ஜ் கோர்ஸ் செய்யப் பார்க்கிறது.

முதல் பிளஸ் டூ அணி 1980-ல் கல்லூரிக்கு வந்தது. சின்னத் தாத்தா அந்த அணி. அவர் படிப்பை விட்டது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை; எப்படி விட்டார் என்பதுதான் பேசப்படுவதில்லை. கணக்கில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவர் அவர். வகுப்பில் எழுப்பி, ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். வரவில்லை. மணி அடிக்கும் வரை நின்றார். மறுநாளிலிருந்து போகவில்லை. அவருடைய இயற்பியல் புத்தகம் இன்னும் பரணில் இருக்கிறது. வகுப்பில் இன்னும் நடத்தாத அத்தியாயங்களிலும், பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில், பென்சிலால் தமிழில் பொருள் எழுதியிருக்கிறார். எல்லாம் சரியான பொருள். அவருக்குப் படிக்கத் தெரிந்தது. அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

பேச்சும் பாடப் படிப்பும் வேறு வேறு திறன்கள் என்பதை ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் 1979-ல் பிரித்துக் காட்டினார். குடியேறிய வீட்டுக் குழந்தைகள் அன்றாடப் பேச்சை இரண்டு ஆண்டுக்குள் பிடித்துக்கொள்கிறார்கள். பாடப்புத்தக மொழியில் மற்றவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகிறது என்பது அவர் கணக்கு. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவருக்கு முதலில் வேண்டியது ஆங்கிலத்தைப் படிக்கும் திறன்தான் என்று 1926-ல் வெளியான நூலில் வாதாடினார். பாதியில் படிப்பை நிறுத்துகிறவனுக்கும் படித்தறியும் பழக்கம் கையில் மிஞ்சும் என்பது அவர் சொன்ன காரணம். நம் மண்ணுக்குப் பொருந்திய பேச்சு அது.

எத்தனை சொல் தெரிந்தால் பாடநூல் வசப்படும் என்பதற்கும் கணக்கு உண்டு. வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட பட்டியலில் அன்றாடச் சொற்கள் சுமார் 2,000. கல்லூரி நூல்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் தொகுத்தார். இரண்டும் சேர்ந்தால் பாடநூல் பக்கத்தில் நூற்றுக்கு 86 சொல் தெரிந்ததாகிவிடும். மிச்சம் பெரும்பாலும் பாடச் சொற்கள். அங்கே தமிழ் வழிப் பிள்ளைக்கு முதலீடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. முடுக்கம் புரிந்தவளுக்கு ‘ஆக்ஸிலரேஷன்’ இன்னொரு பெயர்தான். உந்தம் புரிந்தவளுக்கு ‘மொமென்டம்’ அப்படியே.

தடுக்கி விழுவது சின்னச் சொற்களிலும் வாக்கிய அமைப்பிலும்தான். ‘இரு பந்துகளின் நிறை முறையே 2 கிலோ, 5 கிலோ’ என்று தமிழில் எழுதும்போது ‘முறையே’ முன்னால் வந்து நின்று வரிசையைக் கவனி என்கிறது. ஆங்கிலத்தில் ‘ரெஸ்பெக்டிவ்லி’ வரியின் கடைசியில் வரும். அதைக் கண்டதும் திரும்பிப் போய் எதற்கு எது என்று பொருத்த வேண்டும். ‘மேசைமேல் வைத்த பந்து’ என்பதில் விவரம் முன்னால், பந்து பின்னால். ஆங்கிலத்தில் பந்து முதலில் வந்துவிடும், ‘விச்’ என்று தொடங்கி விவரம் பின்தொடரும். வினைச்சொல்லுக்காக வரியின் முடிவு வரை காத்திருந்து பழகிய கண்ணுக்கு அது நடுவில் வந்து போனதே தெரியாது. பென்சிலால் முதலில் வினைச்சொல்லை வட்டமிடுவது, ‘விச்’ வந்த இடத்தில் ஒரு கோடு போட்டு நிற்பது, பிறகு வாக்கியம் முழுவதையும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது: நாளுக்கு ஒரு பக்கம் இப்படிப் படித்தால் ஒரு செமஸ்டருக்குள் வேகம் வரும்.

தமிழில் சிந்திப்பது ஆங்கிலத்துக்குத் தடை என்று சொல்பவர்களுக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யைக் காட்டலாம். 1949-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் வானூர்திப் பொறியியல் படித்த அப்துல் கலாம், அங்கிருந்த தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் நம் விமானத்தை நாமே கட்டுவது பற்றித் தமிழில் எழுதி முதல் பரிசு பெற்றார். பரிசைக் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன்.

ஜி.எஸ்.டி. சாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுவதா, கல்லூரியின் பிரிட்ஜ் கோர்ஸும் வீட்டில் படிப்பதும் போதுமா என்பதில் முடிவு பாப்பாவுடையது. வகுப்புக்குப் போனால் கூச்சம் குறையும், நேர்காணலுக்கு உதவும். நேர்காணல் மூன்று ஆண்டு தள்ளி இருக்கிறது. முதல் செமஸ்டர் தேர்வு நவம்பரில் வந்து நிற்கும், அது பேச்சில் நடப்பதில்லை. நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பயிற்சி பின்னால் எப்படியும் வரும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயில் முதல் மாதத்துக்கு ஒரு நல்ல ஆங்கிலம்-தமிழ் அகராதி வாங்கினால் பட்டம் வாங்கும் வரை கூடவே வரும். வகுப்பில் யாராவது எழுப்பி நிற்க வைத்தால், தமிழிலாவது ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். மறுநாளும் வகுப்புக்குப் போக வேண்டும். இது ஒன்று மட்டும் கண்டிப்பு.

மற்றபடி பாப்பா எந்த வகுப்பில் சேர்ந்தாலும் வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் என்றாலும் கட்டணம் தாத்தா பொறுப்பு. குடும்பத்திலேயே கெட்டிக்காரப் பிள்ளைக்கு இவ்வளவு நீளமாக எழுதியதே அதிகம் என்று பாட்டி சொல்கிறாள். ஞாயிறு காலை சேலையூருக்கு வந்தால் அடை வார்த்து வைத்திருப்பாள். பரணிலிருந்து அந்த இயற்பியல் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டி, சீவிய பென்சிலோடு மேசைமேல் வைத்தாயிற்று. பிடித்தால் புரட்டிப் பார்க்கலாம். இல்லையென்றால் அடை சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வரலாம்.

தாத்தா
சேலையூர்