'ஜக்கர்நாட்' என்னும் ஆங்கிலச் சொல்

எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும், தடுக்கவொண்ணாத பெருவிசைக்கு ஆங்கிலத்தில் 'ஜக்கர்நாட்' என்று பெயர். இங்கிலாந்தில் சாலையை அடைத்துக்கொண்டு செல்லும் ராட்சத லாரியையும் அவ்வாறே அழைப்பர். இச்சொல் பூரி க்ஷேத்திரத்து எம்பெருமானின் திருநாமமே என்றறியும் பாகவதர்கள் திடுக்கிடுவர்.

ஜகத், நாத: என்னும் இரண்டும் சேர்ந்து ஜகந்நாத: என்றாயிற்று. அநுநாசிகம் பின்வரின் தகாரம் நகாரமாகலாம் என்பது பாணினி விதி. வழக்கில் அவ்வடிவமே நிலைத்தது. 'கம்' என்னும் தாதுவிற் பிறந்த 'ஜகத்' ஓயாது செல்வது, அதாவது உலகம். அதன் நாதன் ரக்ஷகன். ஆங்கிலேயர் அகரத்தைத் தம் செவிக்கேற்ப எழுதியதால் நடுவே ரகரம் புகுந்தது. ஈற்றிலுள்ள 'நாட்', விண்வெளி வீரரைக் குறிக்கும் 'அஸ்ட்ரநாட்' என்பதன் ஈறுபோல் தோன்றினும், கப்பலோட்டியைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை.

காக்கும் நாமம் நசுக்கும் பொருளைப் பெற்றது எங்ஙனம்? 1321ஐ ஒட்டி இந்தியா வந்த ஒடோரிக் என்னும் இத்தாலியத் துறவி, தேர்க்காலில் மக்கள் விழுந்து உயிர்விடுவதாக எழுதினார். அவர் கூறியது மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரையின் விழாவை, பூரியையன்று. பின்வந்தோர் அப்பழியையும் பூரியின்மீதே ஏற்றினர்! 1806 ஜூனில் பூரி ரதயாத்திரையைக் கண்ட கிளாடியஸ் புக்கனன் என்னும் பாதிரியார், ஒருவன் தேர்க்காலில் விழுந்து மாண்டதை விவரித்தார். 1811இல் வெளிவந்த அவரது நூல் இங்கிலாந்தெங்கும் பரவியது. ஒரு மரணம் ஒரு மதத்தின் இலக்கணமாயிற்று.

ஆண்ட்ரூ ஸ்டர்லிங் என்னும் அதிகாரி வேறுவிதமாக எழுதினார். அவர் கண்ட நான்கு ஆண்டுகளில் இத்தகைய மரணங்கள் மூன்றே. ஒன்று விபத்தாயிருக்கலாம், மற்ற இருவர் தீராத நோயால் நெடுநாள் வருந்தியோர். ஆஷாட சுக்ல த்விதீயையன்று பதினாறு சக்கரங்களுடைய நந்திகோஷம் என்னும் திருத்தேர் புறப்படுகையில், வடத்தைத் தொட முண்டியடிக்கும் ஜனத்திரளைக் கண்டோர்க்கு விபத்து நேரும் விதம் விளங்கும். 1872இல் ஹண்டர் என்னும் ஸ்காட்லாந்தியரும், பெரும்பாலான மரணங்கள் விபத்துகளே, தற்கொலை விஷ்ணு பக்திக்கு முற்றிலும் விரோதமானது என்று எழுதினார். அதற்குள் ஆங்கிலத்தில் அச்சொல் பொதுப்பெயராகிவிட்டது. பெருமான் நாமத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தாயிற்று.