சுடரை அளக்கும் ஒளி

மதுரைக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்ற அவர், 1928-இல் கொல்கத்தாவில் சி. வி. இராமனுடன் இணைந்து ஆய்வு செய்தார். மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி அலைநீளம் மாறுவதை இருவரும் கண்டனர். இம்மாற்றம் மூலக்கூறின் வகைக்கேற்ப வேறுபடும். அதுவே இராமன் விளைவு.

அன்று சூரிய ஒளியால் கண்ட விளைவு, இன்று லேசர் ஒளியின் துணையுடன் சுடரை அளக்கிறது. விரைந்து பீச்சப்படும் எரிவளியின் சுடர் கொந்தளிப்பு மிக்கது. கருவியை உள்ளே நுழைத்தால் அதன் ஓட்டம் குலையும். ஒளியோ ஓட்டத்தைக் குலைக்காமல் வெப்பநிலையையும் வளிகளின் செறிவையும் உணர்த்துகிறது.

எனினும், சிதறிவரும் ஒளி மிக மங்கலானது. ஒரு துடிப்பில் 100 ஒளித்துகள்கள் மட்டும் பதிவானால், அவ்வெண்ணிக்கையில் ஏறத்தாழ 10 விழுக்காடு ஏற்ற இறக்கம் இயல்பாகவே அமையும். 10,000 பதிவானால் அது 1 விழுக்காடாகக் குறையும். இஃது ஒழுங்கற்ற பிழை. பல அளவீடுகளின் சராசரி இதனைக் குறைக்கும். ஆனால், ஆய்வாளர் அறிய விரும்புவது சராசரியை மட்டுமன்று, சுடரின் கொந்தளிப்பையும் ஆகும். கருவியின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறியாவிடில், கொந்தளிப்பு உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். கரித்துகள்களின் ஒளிர்வு கலப்பதால் நேர்வது முறையான பிழை. அதனை எத்தனை முறை அளந்தாலும் சராசரி நீக்காது.

எனவே, பிழையின் எல்லையையும் உடன் கூறும் அளவீடே முழுமையானது.